இருமலுக்கு விழுந்த ஏலம்

"நான் கேக்கலையேப்பா!"

வேலுச்சாமி அண்ணன் சாம்பிள் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார். உதட்டைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் ஹால். காலை வேளை. மேடையில் நான் நிற்கிறேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லி முடித்து, அந்த லாட்டுச் சரக்கு வேலுச்சாமி அண்ணனுக்கு என்று பெயரையும் அறிவித்தாகிவிட்டது. மூன்றாம் தரம் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அவரோ விலையே கேட்கவில்லை என்கிறார்.

மூலைப் பெஞ்சிலிருந்து, தேவாரம் ஊரிலிருந்து வரும் வியாபாரி ஒருவர் எழுந்து கையை ஆட்டினார். கேட்டது அவர்தானாம். உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அது பேச்சாக வந்து சேரவில்லை. மாவு மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரே இரைச்சல்.

காது போய், தலைக்குள் கம்பி வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து நான் அந்த மேடையில் ஏறிய முதல் நாள் அது. ஏலக் கம்பெனி முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்த ஒரு நாள் பார்ப்போம், சரியாக வந்தால் மேடை உனக்கு, இல்லாவிட்டால் குடோனில் எடை பார்க்கும் வேலையோடு இருந்துகொள். நானும் பெரிய வீரன் மாதிரி சரி என்று தலையாட்டியிருந்தேன்.

அந்த ஒரு நாளின் முதல் லாட்டே இப்படி ஆகிவிட்டது.

தலை குனிந்த வியாபாரிகள்

எங்கள் ஹாலைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து சேரும் ஏலக்காய்க்கு ஒவ்வொரு விவசாயியின் பெயரிலும் ஒரு லாட்டு. அதிலிருந்து ஒரு கை எடுத்துத் தட்டில் போட்டு வியாபாரிகள் முன்னால் வைப்பார்கள். அவர்கள் முகர்ந்து பார்ப்பார்கள், நகத்தால் பிளந்து பார்ப்பார்கள், பிளந்ததை அப்படியே கீழே போட்டுவிடுவார்கள். மத்தியானத்துக்குள் தரையில் கால் வைத்தால் நறநறவென்று இருக்கும். ஏலம் முடிந்து வீட்டுக்குப் போனால் என் செருப்பு மணக்கும். "ஏலத்தை ஏலம் விடுற மாப்ள" என்று என் மாமனார் கல்யாணப் பந்தலிலேயே கிண்டல் செய்தார்.

மற்ற ஊர்ச் சந்தைகளில் கையைத் தூக்கி விலை கேட்பார்கள். எங்கள் ஆட்கள் அப்படிக் கேட்டால் கௌரவக் குறைச்சல். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இன்னார் இந்தச் சரக்கைக் கேட்கிறார் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது. பெரிய கை ஒருவர் ஒரு லாட்டில் கண் வைத்திருக்கிறார் என்றால் மற்றவர்களும் அதில் பாய்வார்கள். அதனால் எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்தபடியேதான் இருப்பார்கள். ஒருவர் நாக்கைச் சப்புக் கொட்டுவார். ஒருவர் "ம்" என்பார். ஒருவர் மோதிரத்தால் தட்டின் விளிம்பில் தட்டுவார். வேலுச்சாமி அண்ணன் தொண்டையைச் செருமுவார், ஒரு சின்ன இருமல். அவ்வளவுதான். விலை ஒரு படி ஏறிவிடும்.

இந்தச் சத்தங்களில் எது யாருடையது, எந்தப் பெஞ்சிலிருந்து வந்தது என்பது மேடையில் நிற்பவனுக்கு மட்டும் தெரியும். எழுபதுகளின் நடுவில் நான் மேடை ஏறியபோது எனக்கு மீசை சரியாக அரும்பாத வயது. ஒரே வருடத்தில் மொத்த ஹாலும் என் காதுக்குள் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே ஏலம் விடுவேன் என்று ஊருக்குள் பீற்றிக்கொள்வேன். திமிர் என்றால் அப்படி ஒரு திமிர்.

மலையிலிருந்து இறங்கிய காய்ச்சல்

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்துக்குச் சரக்குப் பேசப் போயிருந்தேன். நனைந்துகொண்டே இறங்கினேன். ஜீப்பில் ஏறும்போதே உடம்பு அனலாகக் கொதித்தது. கழுத்தை மடக்க முடியவில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. மூளைக்காய்ச்சல் என்று மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கண் விழித்தபோது என் மனைவி காமாட்சி கட்டிலருகில் உட்கார்ந்து வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு ரகசியம் பேசுற? சத்தமாப் பேசு" என்றேன்.

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கத்தியிருக்கிறேன் போல. காமாட்சி இன்னும் பெரிதாக வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் தலைக்கு மேலே மின்விசிறி சத்தமே இல்லாமல் சுற்றுவதைக் கவனித்தேன். எனக்குப் பயம் வந்தது. அதுவரை வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை.

காது போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆட்கள் நடந்துகொண்ட விதத்தைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு விருந்துக்குப் போனோம். இலைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். பரிமாறியவர் காமாட்சியைப் பார்த்து, "அண்ணனுக்குச் சோறு போதுமான்னு கேளுங்க" என்கிறார். உதட்டைப் படிக்க அப்போது கொஞ்சம் பழகியிருந்ததால் தெரிந்துவிட்டது. சாப்பிடுகிறவன் நான், கேள்வி அவளுக்கு. இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள் என்று நினைக்கிறேன். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் திட்டும் கேட்காது, அந்த ஒரு வசதி இருந்தது.

கம்பெனியில் குடோனுக்கு அனுப்பினார்கள். மேடையில் வேறொருவர் ஏறினார். நல்ல மனிதர், குரல்தான் கீச்சுக் குரல் என்று காமாட்சி சொன்னாள். அதைக் கேள்விப்பட்டு எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

மெட்ராஸில் ஒரு சத்தம்

உள்காதுக்குள் கம்பி வைக்கும் ஆபரேஷன் பற்றி மதுரை டாக்டர்தான் சொன்னார். வெளிநாட்டு டாக்டர்கள் சிலர் மெட்ராஸுக்கு அந்தக் கருவிகளைக் கொண்டுவந்து, பொருத்தமான ஆட்களுக்குக் காசில்லாமல் வைத்துப் பார்க்கப்போகிறார்களாம். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்து திடீரென்று காது போன பெரியவர்கள்தான் அவர்களுக்கு வேண்டும். சத்தம் எப்படி இருக்கும் என்று மூளைக்கு ஞாபகம் இருக்க வேண்டுமாம்.

மெட்ராஸ் டாக்டர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிக் காட்டினார். மூளைக்காய்ச்சல் வந்தவர்களுக்கு உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொண்டே வரும், தள்ளிப்போட்டால் கம்பி நுழையாமலே போகலாம். வைத்தாலும் பழைய காது திரும்பாது. சிலருக்கு ஏதோ சத்தம் என்ற அளவோடு நின்றுவிடும். சிலருக்கு உதட்டைப் பார்த்தால் பேச்சு புரியும். வெகு சிலர் பார்க்காமலே புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் இதில் எந்த ரகம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"நான் அந்த வெகு சிலர்ல ஒருத்தன்" என்றேன். டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து, புண் ஆறும்வரை காத்திருந்து, ஒரு நாள் கருவியை முடுக்கினார்கள். காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டு. அதிலிருந்து ஒரு ஒயர், சட்டைப் பையில் சிகரெட் பெட்டியைவிடப் பெரிய ஒரு பெட்டி. எதிரே காமாட்சி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க... கேக்குதா?"

தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு ஆட்டியது போல் என்னவோ வந்தது. இரண்டு வருடமாக அவள் குரலுக்காகத்தான் காத்திருந்தேன். எனக்குத் தெரிந்த காமாட்சியின் குரல் அதில் இல்லவே இல்லை. வட்டைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டேன். அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

அவள் வட்டை எடுத்து என் தலையில் மறுபடி ஒட்டினாள். உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

"சத்தம் வருதுல்ல? அது போதும். மிச்சத்த நாம பாத்துக்கிடலாம். இம்புட்டுத் தூரம் வந்துட்டு மூஞ்சியத் தூக்குனா எப்படி?"

அங்கே பயிற்சி கொடுத்த அம்மா கெட்டிக்காரி. காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லாமே தப்பு. போகப் போக டப்பா சத்தத்துக்குள்ளிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கருவி மாறவில்லை, என் மூளைதான் பழகியது என்று அவர் சொன்னார். ஊருக்குக் கிளம்பும்போது எச்சரிக்கையும் செய்தார். ஒரு காதில் மட்டும் கருவி இருப்பதால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது, ரோட்டில் போகும்போது கவனம் என்றார். ரோடு விஷயம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுப்படிக்குள் ஒரு ஏலக் கம்பெனி

போடிக்கு வந்ததும் என் மனதில் இருந்தது மேடை ஒன்றுதான். வியாபாரிகளின் சத்தங்களை மறுபடி படிக்க வேண்டும். அவர்கள் வீடு வீடாகப் போய் இருமிக் காட்டுங்கள் என்று கேட்க முடியுமா? காமாட்சியைப் பிடித்தேன்.

அவளுக்கு எல்லோரையும் தெரியும். யார் எப்படிச் சத்தம் கொடுப்பார்கள் என்று நான் நடித்துக் காட்டுவேன். அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று ஒவ்வொருவராகச் செய்வாள். சப்புக் கொட்டுவாள், "ம்" போடுவாள், கரண்டியால் தட்டின் விளிம்பில் தட்டுவாள், வேலுச்சாமி அண்ணனாக இருமுவாள். நான் இந்தப் பக்கமிருந்து யார் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கதவைத் திறந்து, "காபி கெடையாது" என்று சொல்லிவிட்டு மறுபடி சாத்திக்கொள்வாள்.

காலையும் சாயங்காலமும் இதே சோலி. பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் துளசியும் மிளகும் போட்டுக் கசாயம் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

"ஏத்தா காமாச்சி, இத்தன நாளா இருமுறியே, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதா?"

அதைக் குடித்துத் தீர்த்தவன் நான்தான்.

சில மாதங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. முதலாளியிடம் போய் நின்றேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு என் பெயரைக் கேட்டார், சொன்னேன். ஊரைக் கேட்டார், சொன்னேன். அப்படித்தான் அந்த ஒரு நாள் கிடைத்தது.

ஹாலுக்குள் நுழைந்ததும் ஒரு வியாபாரி என் சட்டைப் பையையும் ஒயரையும் பார்த்துவிட்டு, "ஸ்கோரு என்ன முத்தையா?" என்று கேட்டார். ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே மேடை ஏறினேன்.

ஒரு வாசகருக்குப் பதில்

இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படிக்கும் வாசகர் ஒருவர் போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என்னை மறித்து, "அந்தக் கருவி வச்சா காது வந்துருமா?" என்று கேட்டார். அவருடைய தம்பிக்குத் திடீரென்று கேட்காமல் போய்விட்டதாம்.

வராது. எனக்கு இன்றுவரை பாட்டு பாட்டாகக் கேட்பதில்லை, நாதஸ்வரமும் பஸ் ஹாரனும் ஒன்றுதான். டெலிபோனில் காமாட்சி பேசினால் பாதி புரியும், மற்றவர்கள் பேசினால் அதுவும் இல்லை. கூட்டத்தில் தத்தளிப்பேன். ஆனால் எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினால் நானும் பேசுவேன், என் இலைக்குச் சோறு போதுமா என்று என்னையே கேட்பார்கள். காலம் கடத்தாமல் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள். கருவி வைப்பது பாதி வேலை, மிச்சப் பாதி வீட்டில் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் நின்று இருமுவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

மேடையிலிருந்து இறங்கியது

இப்போது ஹாலுக்குத் திரும்புகிறேன்.

என்ன நடந்தது என்று அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் எனக்கு விளங்கியது. தேவாரத்து வியாபாரி நான் இல்லாத காலத்தில் வந்து சேர்ந்த புது ஆள். அவரும் இருமித்தான் விலை கேட்பார். நான் கேட்ட இருமலுக்குத் திசை இல்லை. வீட்டில் காமாட்சி எப்போதும் அந்த ஒரே கதவுக்குப் பின்னால்தான் நின்றாள், திசை எனக்குத் தேவைப்படவே இல்லை. இங்கே முன்னால், பின்னால், இடது, வலது எல்லாம் சேர்ந்து என் தலைக்குள் ஒரே இடத்தில் வந்து விழுகிறது. இருமல் என்றால் வேலுச்சாமி அண்ணன் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன்.

முதலாளி கையைக் காட்டினார். கீச்சுக் குரல்காரர் மேடையை நோக்கி வந்தார். அவர் முகத்தில் பாவம் என்ற பார்வை. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. தோற்றுப் போனாலும் பரவாயில்லை, அந்தப் பார்வை மட்டும் எனக்கு வேண்டாம்.

மேடையில் எனக்கென்று வைத்திருந்த சாம்பிள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எல்லோரும் நான் வெளியே போகிறேன் என்று நினைத்து வழி விட்டார்கள். நான் முதல் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றேன்.

"தப்பு என்னுதுதான். இந்த லாட்ட மறுபடி விடுறேன். மேல நின்னா எனக்கு யாருன்னு தெரியல. ஒவ்வொரு பெஞ்சா நடந்து வர்றேன். கேக்குறவங்க என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க."

வேலுச்சாமி அண்ணன் எழுந்துவிட்டார். கோபத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினார், எனக்கு நன்றாகப் புரிந்தது.

"நல்லாருக்கே! மூஞ்சியப் பாத்துக் கேட்டா யாரு கேக்குறான்னு ஊருக்கே தெரிஞ்சு போகுமே. அப்புறம் என்னத்துக்கு யாவாரம்? உனக்கு ஒருத்தனுக்காக எல்லாரும் மாறணுமா?"

நியாயமான கேள்விதான்.

அப்போது முதலாளி என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். விவசாயிகள் நிற்கும் சுவரோரத்திலிருந்து பேச்சியம்மாள் வந்துகொண்டிருந்தார். குரங்கணிக்கு மேலே புருஷன் போன பிறகு தனியாளாகத் தோட்டம் பார்க்கிற அம்மா. அந்த லாட்டு அவருடையது. வந்தவர் நேராக என் கையிலிருந்த தட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இது எஞ்சரக்கு. இத முத்தையா அண்ணன் நடந்தே விடட்டும். இல்லாட்டி மூட்டையத் திருப்பிக் கொண்டாங்க, ஜீப்புல ஏத்திக்கிட்டு நான் வெரசாப் போறேன்."

"என்னத்தா, நீயுமா?" என்றார் வேலுச்சாமி அண்ணன்.

"அவருக்குக் காது கேக்கலைங்கிறதுக்காகச் சொல்லல அண்ணே. மழையிலயும் அட்டைக் கடியிலயும் காயெடுத்துக் கொண்டாந்து குடுக்குறோம். அதை எவரு கேக்குறாரு, எவரு விட்டுட்டாருன்னு இத்தன வருசமா எங்களுக்கும்தான் தெரியல. எல்லாரும் தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இன்னைக்காச்சும் மூஞ்சியப் பாக்குறோம்."

சுவரோரத்தில் நின்ற மற்ற விவசாயிகளின் தலைகள் அசைந்தன. சிலர் முன்னால் நகர்ந்து வந்தார்கள். சரக்கு அவர்களுடையது, விற்க மாட்டோம் என்றால் ஏலமே கிடையாது. முதலாளி அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்து, நட என்று தலையை ஆட்டினார்.

நடந்தேன். முதல் பெஞ்சில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்கள். புதுப்பெண் மாதிரி அவர்களுக்கு ஒரு கூச்சம். பக்கத்தில் போனால் அவரவர் குரல் பெரிதாகக் கேட்டது, உதடும் தெரிந்தது. மோதிரக்காரர் பழக்கத்தில் தட்டைத் தட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு வாயால் விலை சொன்னார். தேவாரத்துக்காரர் ஒரு படி ஏற்றினார். அவர் விலைக்கு ஒரு தரம் சொன்னேன்.

வேலுச்சாமி அண்ணன் முன்னால் வந்து நின்றேன். அவர் குனிந்தே உட்கார்ந்திருந்தார். இரண்டு தரம் சொன்னேன். அவர் ஒரு காயை நகத்தால் பிளந்தார், முகர்ந்தார், அதைக் கீழே போட்டார். தொண்டையைச் செருமினார். அது எனக்குத் தெளிவாகவே கேட்டது. கை நீட்டினால் தொடும் தூரம், வேறு யாராகவும் இருக்க முடியாது. ஆனாலும் நான் ஏற்றவில்லை. மூன்றாம் தரம் சொல்ல வாயைத் திறந்தேன்.

அவர் நிமிர்ந்தார். என் கண்ணைப் பார்த்து, தேவாரத்துக்காரரின் விலைக்கு மேலே ஒரு விலையை ஹாலே கேட்கும்படி சொன்னார். அந்த மனிதர் வாய் திறந்து விலை கேட்டதை அந்த ஹாலில் யாருமே அதுவரை பார்த்ததில்லை. எனக்கு உதவி செய்வதற்காக அவர் அப்படிச் செய்யவில்லை. என் மேல் அவருக்குக் கோபம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. பேச்சியம்மாளின் சரக்கு அவருக்கு வேண்டியிருந்தது, அதை நான் ஒருவன்தான் தர முடியும்.

மூன்று தரம் சொன்னேன். கீச்சுக் குரல்காரர் இன்னும் மேடைப் படியருகில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அங்க என்னப்பா நிக்கிற? அடுத்த லாட்டுத் தட்டக் கொண்டா" என்றேன்.